ஏழு சென்டிமீட்டர்

புன்டா அரேனாஸ் துறைமுகத்தில்
கதவைத் தள்ளிக்கொண்டு காற்றுதான் முதலில் நுழையும்,
ஆள் பிறகு.
அந்த மதுக்கடையில் கோப்பை கழுவுகிறவன் நான்.

வெள்ளிதோறும் ஒயார்சோ வருவான்.
சட்டைப்பையிலிருந்து இருபதாயிரம் பெசோ தாள் ஒன்றை எடுத்து
மடிப்பு நீவி
மேல் விளிம்பைப் பிடித்துத் தொங்கவிடுவான்.
தாளின் நடுவே, தொட்டும் தொடாமல்,
உன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்.
விடுவேன். பிடித்தால் உனக்கு.
விட்டால் எனக்கொரு பீர்.

பதினோரு ஆண்டுகளில்
அவன் காசு கொடுத்துக் குடித்து நான் பார்த்ததில்லை.

நடுவிலிருந்து மேல் விளிம்புக்கு
ஏழு சென்டிமீட்டர், ஒரு நகக்கீற்று கூட.
அதைக் கடக்கத் தாளுக்கு
நொடியில் எட்டில் ஒரு பங்கு போதும்.
கண் கண்டது மூளைக்குப் போய்
மூளையின் உத்தரவு தோளிறங்கி விரல் சேர
ஐந்தில் ஒரு பங்கு.
விரல்கள் மூடும். ஒழுங்காகத்தான் மூடும்,
வெறுங்காற்றின் மேல்.

ஆயிரம் பெசோ தாள் இதைவிடக் குட்டை.
மதிப்பு கூடக்கூட நீளத்தையும் கூட்டித்தான்
இந்த நாட்டில் அச்சடிக்கிறார்கள்.
ஆக, இல்லாதவன் தாள் இன்னும் சீக்கிரம் நழுவும்.
ஒயார்சோவிடம் சொன்னேன்.
இதற்காகவா இரண்டு வருடம்
பாலிடெக்னிக்கில் பெஞ்சு தேய்த்தாய் என்றான்.

ஜூன் மாதம், நாலரைக்கே இருட்டு.
நண்டுத் தொழிற்சாலையிலிருந்து எர்மிந்தா மான்சில்லா வந்தாள்,
எட்டு மணி நேரம் பனிநீரில் ஊறி
வெளுத்த விரல்களோடு.
மூன்று முறை விட்டாள். மூன்று பீர்.
சிரித்தாள். தங்கையின் கடன் கதையைத் தொடங்கினாள்.
பேச்சின் நடுவே முழங்கை பட்டு
மேசை விளிம்பிலிருந்து கோப்பை சரிந்தது.

பிடித்துவிட்டாள்.
பார்க்கக்கூட இல்லை.
வட்டி எவ்வளவு என்ற வாக்கியம்கூட அறுபடவில்லை,
நுரை மட்டும் சட்டைக் கையில்.

மேசை முக்கால் மீட்டர் உயரம்.
தரை தொட நொடியில் ஐந்தில் இரண்டு.
மேசைக்கு அளவெடுத்த தச்சன் இரக்கமுள்ளவன்.

ஒயார்சோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு, யாரும் கேட்காமலே:
“கார்கமோ பாய்மரத்திலிருந்து விழுந்தான்.
பன்னிரண்டு மீட்டர்.
பாதுகாப்புக் கயிறு என் காலடியில் சுருளாகக் கிடந்தது,
ஓடிற்று.
மிதித்திருக்கலாம் என்கிறார்கள்.
நேரமே இல்லை.
யாருக்குமே இருந்திருக்காது.”

பாத்திரம் கழுவும் இடத்தில்
ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
பன்னிரண்டு மீட்டர்: ஒன்று புள்ளி ஐந்து ஆறு நொடி.
ஐந்தில் ஒன்றைக் கழி.
ஒன்றேகாலுக்கு மேல் மிச்சம்.
ஒரு கால் எடுத்து ஒரு கயிற்றில் வைக்க.

ஈரக்கை பட்டு மை பரவியது.
பிறகுதான் நினைவு வந்தது:
ஐந்தில் ஒன்று என்பது
விழும் என்று தெரிந்து விரல் விரித்துக் காத்திருப்பவனுக்கு.
தெரியாதவனுக்கு,
சாலையில் திடீரென மாடு கண்ட ஓட்டுநருக்கு,
ஒன்றரை நொடி எடுத்துக்கொள் என்றார் வாத்தியார்.
ஒன்று புள்ளி ஐந்து ஆறில் ஒன்றரையைக் கழி.
நூறில் ஆறு.

ஒரே தாளில் இரண்டு விடை.
முதலாவதை அவனிடம் எப்படிச் சொல்வது?
இரண்டாவதை எவ்வளவு உரக்கச் சொல்வது?
ரசீது ஏப்ரன் பையில் கிடந்து
திங்கட்கிழமை சலவையில் கூழாயிற்று.

அடுத்த வெள்ளி என்னைக் கூப்பிட்டான்.
பதினோரு ஆண்டில் முதல் தடவை.
கை துடைத்துக்கொண்டு போனேன்,
விரல் வைத்தேன்.

கழுவுகிறவனுக்குக் கடை முழுக்கத் தெரியும்.
தாளை விடுமுன் ஒயார்சோ எச்சில் விழுங்குவான்,
தொண்டைக்குமிழ் ஒருமுறை ஏறி இறங்கும்.
அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறிற்று.

இறங்கிற்று.

தாள் ஈரத்தரையில் ஒட்டிக் கிடந்தது.
அதற்கப்புறம் விரலை மூடினேன்.

“பார்த்தாயா?” என்றான்.

பார்த்தேன் என்றேன்.
பீர் பிடித்து வர உள்ளே போனேன்.